வலது காதில் பஞ்சு

கழற்ற மாட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் இது என் தலையிலேயே இருக்கட்டும், கடைக்காரர் சேஷாராம் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அடுத்ததைக் காட்ட அவருக்கு அவசரம், எனக்கு ஒரு அவசரமும் இல்லை, சொந்தக் காதுக்குச் சாமான் வாங்க வந்தவள் ஆற அமரத்தான் பார்ப்பாள். மதுரையில் ஒரு மாடிக் கடை, துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை, மத்தியான வெயில், கீழே தெருவோரத்தில் கரும்புச்சாறு மிஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதில் கட்டியிருக்கிற சலங்கை எனக்குக் கேட்கிறது. சலங்கை! இந்த மிஷின்களில் சலங்கை கட்டுகிற பழக்கத்தையே எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று நாலைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தனும் விடவில்லை, கட்டித்தான் இருக்கிறான், நான்தான் பக்கத்திலேயே நின்று சாறு குடித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்திருக்கிறேன். சேஷாராம் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிறார், மொறமொறவென்று கேட்கிறது. என் கண்ணாடி வளையல் மேஜையில் இடிப்பது கேட்கிறது. பார்ப்பதற்குப் பாட்டுக் கேட்கிற ஹெட்ஃபோன் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம் சின்ன மைக், உள்ளே ஸ்பீக்கர், மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், துப்பாக்கி வெடித்தால் கண்ணிமைப்பதற்குள் அடைத்துக்கொள்ளும், வெடி அடங்கியதும் மறுபடி திறந்துகொள்ளும். இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று, பதினெட்டு வருடமாகத் துப்பாக்கியோடு குப்பை கொட்டுகிற எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

“மேடம், நீங்க போட்டிருக்கது மெலிசு கப்பு,” என்கிறார் சேஷாராம். “கன்னத்தச் சாச்சு குறி பாக்கும்போது துப்பாக்கிக் கட்டை இடிக்காது. பேச்சையும் நல்லா தூக்கிக் குடுக்கும். இந்தா இருக்கு பாருங்க, இது தடிமன். வெடிச் சத்தத்த ரொம்ப அடைக்கும், ஆனா பேச்சு அந்தளவுக்குத் தூக்காது. ஒங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க. கேக்குறதா, அடைக்கிறதா?”

எது முக்கியம். கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி, காலையிலிருந்து என் தலைக்குள் உருண்டுகொண்டிருப்பதை அவர் மேஜையில் எடுத்து வைத்துவிட்டார். எனக்குக் கேட்பதுதான் முக்கியம், திங்கட்கிழமை கேட்டாக வேண்டும், கேட்காவிட்டால் முப்பிடாதி என்கிற ஏட்டம்மாவைச் சுடுதளத்திலிருந்து தூக்கித் தபால் பிரிவில் போட்டுவிடுவார்கள், ஒரு மேஜை, ஒரு மை டப்பா, ஒரு முத்திரை, அதை நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் ஆயுதப்படைத் தலைமைக் காவலர், புதிதாகச் சேர்கிற பெண் காவலர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறவள், இன்றைக்கும் எங்கள் மாவட்டத்தில் ஆணோ பெண்ணோ எவனாவது என்னைவிடக் குறி தப்பாமல் சுடுகிறானா, வந்து நிற்கச் சொல்லுங்கள். காது போனால் கண்ணும் போய்விட்டதா. ஆனால் போன மாதம் நடந்தது நடந்ததுதான், அதை நான் மழுப்ப மாட்டேன். ஆறு பெண்கள் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பின்னால் நடுவில் நிற்கிறேன், எனக்கு இடது கோடியில் இருந்தவளுக்குத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, ‘அம்மா, சுட மாட்டேங்கு’ என்று மூன்று தடவை கத்தியிருக்கிறாள், நான் மரம் மாதிரி நின்றிருக்கிறேன், அந்தப் பிள்ளை துப்பாக்கியோடு எழுந்து என்னைத் தேடித் திரும்பிவிட்டது, குழாய் அடுத்துப் படுத்திருந்தவளின் தலைக்கு நேரே. எங்கள் ஆய்வாளர், ஆர்.ஐ. தங்கமாரியப்பன் ஐயா, ஓடிவந்து குழாயை மண்ணைப் பார்த்து அமுக்கினார். அவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அன்றைக்கு அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஏட்டம்மா, அடுத்த செட்டு அறுபது பிள்ளைய திங்கக்கிழம ரேஞ்சுக்கு வருது. நான் பத்தடி பின்னால நின்னு சாதாரணமா நம்பர் சொல்லுவேன். எந்த நம்பர் சொல்லுதேனோ அந்தக் கொடியத் தூக்கணும். தூக்கலைன்னா தபால் பிரிவுக்கு ஆர்டர் போட்டுருவேன். வருத்தப்படக் கூடாது.” வருத்தப்படக் கூடாதாம். நான் சரி ஐயா என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

ஆக இந்த மெலிசைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றால் பத்தடி என்ன, இருபதடிக்கு அப்பால் அவர் முனகினாலும் நான் கொடியைத் தூக்குவேன். காதைக் காத்துக்கொள்ள மாட்டியிருக்கிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், கேட்பதற்காக மாட்டியிருக்கிறேன் என்று ஒருத்தருக்கும் தோன்றாது, தோன்றினால்தான் என்ன, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எத்தனை அதிகாரிகள் சுடுகிறார்கள், அவர்களை எவனாவது குருடன் என்று தபால் பிரிவுக்கு அனுப்புகிறானா. கண்ணாடி போட்டால் படித்தவன், காதில் ஒன்றை மாட்டினால் செவிட்டு முண்டம், இது எந்த ஊர் நியாயம். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து டவுன் பஸ் ஓட்டுகிறார், அவர் விடுகிற குறட்டைக்கு வலது காதைத் தலையணையில் புதைத்து இடது காதை மேலே வைத்துப் படுத்தால் எனக்கு உலகமே அமைதி, நம் வீட்டில் சண்டையே இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நானே சிரித்துக்கொண்டதுண்டு. ஆனால் அமைதி முழு அமைதியும் இல்லை, உள்ளே கொய்யென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, முதலில் பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்தேன், போய்க் கேட்டேன், எங்க வீட்டுல மோட்டாரே இல்லையே என்றாள் அந்த அம்மா. அன்றைக்குப் பயந்தேன். உண்மையாகவே பயந்தேன், இது நிற்காதோ, சாகிறவரைக்கும் இதோடுதான் இருக்க வேண்டுமோ என்று சமையலறையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பொம்பளை ஏட்டுக்குக் காது கேட்கவில்லை என்றால் வயதாகிவிட்டது என்பார்கள், ஆம்பளைக்குக் கேட்கவில்லை என்றால் சர்வீஸ் போட்ட ஆள் என்பார்கள், எனக்குத் தெரியாதா இவர்கள் பேச்சு.

“வேற ஏதும் காட்டவா மேடம்?” என்கிறார் சேஷாராம். “இருங்கண்ணே” என்கிறேன், என் குரலே எனக்கு இரண்டு காதிலும் கேட்கிறது, கொஞ்சம் கரகரப்பாக, யாரோ அதட்டுகிற மாதிரி, இப்படியா பேசிக்கொண்டிருக்கிறேன் இத்தனை நாளும். மெலிசையே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம், கீழே இறங்கி ஒரு கிளாஸ் சாறு குடித்துவிட்டுப் பஸ் ஏறலாம். ஆனால் அந்த டாக்டர் அம்மாவின் பேனா குறுக்கே வந்து நிற்கிறது. எங்கள் ஊரில் காட்டினால் சாயங்காலத்துக்குள் போலீஸ் லைன் முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதான் விடுப்புப் போட்டு மதுரை வரைக்கும் வந்தேன், காலையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் சத்தம் விட்டுப் பார்த்தார்கள், கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், நான் கேட்காததற்கெல்லாம்கூடச் சேர்த்து அமுக்கினேன், அப்படியும் பிடித்துவிட்டார்கள். வலது காது பரவாயில்லை, இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது என்றார் டாக்டர். நான் விடவில்லை. “அதெப்படி டாக்டர், துப்பாக்கி இருக்கது வலது பக்கம், போனது இடது காதுன்னா? மிஷின்ல வயர மாத்திச் சொருகிட்டாங்களோ?” அவர் கோபப்படவில்லை, மேஜையிலிருந்த பேனாவைக் கொடுத்து, இதைத் துப்பாக்கியாகப் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். கன்னத்தைச் சாயுங்கள் என்றார். சாய்ந்தேன். “இப்ப அப்படியே கண்ணாடியப் பாருங்கம்மா. குழாய் முனைக்கு எந்தக் காது நேரா இருக்கு?” கைகழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். தலை திரும்பியிருந்தது, இடது காது முன்னால் வந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வலது காது பின்னால் போய்த் தோளோரம் ஒளிந்துகொண்டிருந்தது. “வலது காதுக்கு ஒங்க தலையே மறைப்பு. வெடிய முழுசா வாங்குறது இடது காதுதான்,” என்றார். “சுடும்போது காதுல எதுவும் வைப்பீங்களா?” வைப்போம், பஞ்சு என்றேன். எந்தக் காதில் என்றார்.

வலது காதில். பதினெட்டு வருடமாக வலது காதில். கட்டை வலது தோளில், வலது கன்னத்தில், ஆகவே வெடி வலது காதில்தான் விழும் என்பது எங்களுடைய அறிவு, இரண்டு காதையும் அடைத்தால் கட்டளை கேட்காது, ஆகவே இடது காது திறந்திருக்கட்டும் என்பது அதற்கு மேல் அறிவு. நான் புதிதாகச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார், கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடக் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. சாமான் அறை அலமாரியில் நாலு காதுக் கவசம் இருக்கிறது, சாதாரணக் கவசம்தான், பெரிய அதிகாரி சுட வருகிற அன்றைக்கு மட்டும் தூசி தட்டி வெளியே வரும், அவர் பத்து ரவுண்டு சுட்டுவிட்டுப் போனதும் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க வெடிக்கு நடுவில் நிற்கிற எனக்குப் பஞ்சு. அதற்காக நான் பஞ்சின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. முதலுதவிப் பெட்டியிலிருந்து சுருளை எடுத்து நானே பிய்த்துக் கொடுப்பேன், ஒவ்வொருத்திக்கும் ஒரு துணுக்கு, வரிசையாக நிற்கவைத்து, “வலது காது பஞ்சுக்கு, இடது காது எனக்கு!” என்று கத்துவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். பதினோரு வருடம், பதினோரு செட்டு. இடது காது எனக்கு என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

செங்கமலம் என்று ஒருத்தி, ஐந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் சுடக் கற்றவள், நல்ல குறி, போட்டிக்கெல்லாம் போனாள், ஆயிரக்கணக்கில் சுட்டிருப்பாள். போன பங்குனியில் ஒரு கோயில் தேரோட்டத்துக்குப் பந்தோபஸ்து போட்டார்கள், அவளும் வந்திருந்தாள், இடது பக்கமாகப் போய் இரண்டு தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய் நின்று “என்னட்டி, பெரிய ஆளாயிட்டியோ?” என்றேன். அவள் தலையைச் சாய்த்து வலது பக்கத்தை என் பக்கம் கொடுத்து, “என்னம்மா?” என்றாள். அந்தச் சாய்ப்பு எனக்குத் திமிராகத் தெரிந்தது. நானும் அப்படித்தான் சாய்க்கிறேன், இப்போது சேஷாராம் பேசும்போதுகூடச் சாய்த்தேன், ஆனால் அன்றைக்கு அவளிடம் அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவளுடைய இன்ஸ்பெக்டரிடமே போய் இவளுக்குக் கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி ஐயா என்று சொல்லிவைத்தேன். என் கையால் பஞ்சு வாங்கிக்கொண்ட பிள்ளை. வெட்கமாக இருக்கிறது, இந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு முகமெல்லாம் சுடுகிறது. அவளுக்கு என்ன வயது, இருபத்தெட்டு இருக்குமா. அவளுக்கும் உள்ளே கொய்யென்று கேட்குமா, அவளும் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் மோட்டாரைப் பற்றிக் கேட்டிருப்பாளா. வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால் ஆயிற்றா, திங்கட்கிழமை அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள், மெலிசை மாட்டிக்கொண்டு நான் அட்டகாசமாகக் கொடி தூக்குவேன், எல்லோரும் ஏட்டம்மாவுக்குக் காது பாம்புக் காது என்பார்கள், அப்புறம் பஞ்சுச் சுருள் வரும், நான் எந்தக் காதில் வைக்கச் சொல்வேன். இரண்டிலும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். சொல்லாமல் விட்டால் பன்னிரண்டாவது செட்டு. எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே வந்து முட்டுகிறது.

“அந்தத் தடிமனைக் குடுங்கண்ணே.” மெலிசைக் கழற்றியதும் சலங்கை நின்றுவிட்டது, நின்றது சலங்கை இல்லை என்று தெரிந்தும் மனசு ஒரு நிமிடம் துடித்தது, மறுபடியும் கொய்யென்கிறது. தடிமனை மாட்டுகிறேன். கொண்டையில் இடிக்கிறது, வளைவு பின்கழுத்தோடு போகிற மாதிரி ஒன்று இருக்கிறது, தொப்பிக்கும் சரியாக இருக்கும் என்று மாற்றிக் கொடுக்கிறார். மெத்தென்று காதைச் சுற்றி அமருகிறது. சலங்கை கேட்கவில்லை. சேஷாராம் பேசுவது கேட்கிறது, ஆனால் தூரத்தில், அவர் வாயைப் பார்த்தால்தான் முழுசாகப் புரிகிறது. பத்தடி பின்னால் நின்று நம்பர் சொன்னால் பாதிதான் பிடிபடும், கொடி தப்பாகப் போகும், எனக்கு நன்றாகத் தெரிகிறது. சரி, போகட்டும். தரையில் ஒரு மர ஸ்டூலைப் படாரென்று போடச் சொல்கிறேன், சேஷாராம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போடுகிறார், எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இருக்கிற ஒரு காதை நான் எவனுக்கும் கொடுப்பதாக இல்லை. என்னை எங்கே நிறுத்த வேண்டுமென்றும் எனக்குத் தெரிந்துவிட்டது, நடுவில் நிற்கக் கூடாது, வரிசையின் இடது கோடிக்கு வெளியே நிற்க வேண்டும், ஆறு பேரும் என் வலது கைப் பக்கம் வந்துவிடுவார்கள், துப்பாக்கி சிக்கினால் கத்தக் கூடாது, படுத்தபடியே கையைத் தூக்க வேண்டும், கட்டளைக்கு வாய் வேண்டாம், கொடி போதும், சிவப்பு இறங்குகிறவரை எவளும் விசையைத் தொடக் கூடாது. இதற்கு எந்தக் காதும் திறந்திருக்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருடமா.

“இதையே போடுங்கண்ணே. சுருட்டிக் காதுக்குள்ள வைக்கிற நுரை அடைப்பான் இருக்குல்லா, அது அறுபது ஜோடி வேணும்.” சேஷாராம் பெட்டியைத் தேடி எடுக்கிறார். அறுபதுக்கும் யார் காசு கொடுப்பது என்பதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஃபோனை எடுக்கிறேன். ஆர்.ஐ. ஐயா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க ஏட்டம்மா. லீவுல இருக்கீங்கள்லா?”

“ஐயா, மதுரையில காது டாக்டர்ட்ட வந்தேன். எனக்கு இடது காது பாதிக்கு மேல போயிட்டு. திரும்பாதுன்னுட்டாவ.”

“யார்ட்டயும் சொன்னீங்களா?” என்றார்.

“மொதல்ல ஒங்கள்ட்டத்தான் சொல்லுதேன்.”

“அப்பம் யார்ட்டயும் சொல்லாதீங்க. திங்கக்கிழம நான் சத்தமாவே நம்பர் சொல்லுதேன், கொடியத் தூக்கிருங்க. முடிஞ்சிச்சு. ரேஞ்சுல ஒங்கள விட்டா எனக்கும் ஆளு கிடையாது.”

இவ்வளவுதானா. இதற்காகவா ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தேன், கை மேல் பழம் மாதிரி வைத்துவிட்டார் மனுஷன், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், சரி ஐயா என்று ஒரு வார்த்தை, மேஜை மேல் மெலிசு இன்னும் கிடக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், வந்துவிட்டது.

“வேண்டாம் ஐயா. எழுதணும்.”

“என்னத்த எழுதணும்?”

“வேலையில போன காதுன்னு எழுதணும். வலது காதுல மட்டும் பஞ்ச வச்சுக்கிட்டு இடது காதத் தொறந்து போட்டதால போச்சுன்னு எழுதணும். ரெண்டு காதையும் அடைக்காம ஒரு பிள்ளையும் இனிமே ரேஞ்சுல படுக்கக் கூடாதுன்னு எழுதணும். நான் பயிற்சி குடுத்த பதினோரு செட்டுக்கும் காத டெஸ்ட் பண்ணணும்னு எழுதணும்.”

“கூறுகெட்டதனமா பேசாதீங்க. எழுதுனா மேல இருக்கவுக ஒங்கள ரேஞ்சு வாசல்லயே விடமாட்டாவ.”

“விடாம பாக்கட்டும் ஐயா. நான் எங்க நிக்கணும், எப்படிச் சுட வைக்கணும்னு அதையும் எழுதித் தாரேன். படிச்சிட்டு முடியாதுன்னு கையெழுத்துப் போடட்டும். மேல இருக்கவுக போடட்டும், நான் பாக்கேன்.” குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, சேஷாராம் நுரை அடைப்பான் பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார், கீழ்ப்படியில் ஏறிவந்த யாரோ ஒருவர் ஏறுவதா இறங்குவதா என்று நிற்கிறார். கேட்கட்டும்.

வைத்துவிட்டாரா என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. மறுபடி வலது காதில் வைத்தபோது ஆர்.ஐ. ஐயா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. “ஏட்டம்மா, ஒங்களுக்கு எழுதுனா எனக்கும்லா எழுதணும்.”

“எத்தன வருசமா ஐயா?” என்றேன்.

“நான் ஏட்டா இருந்தப்பவே. வீட்டுல அவளுக்குக்கூடத் தெரியாது. ரிட்டயராக ரெண்டு வருசம் கெடக்கு, அப்படியே ஓட்டிரலாம்னு பாத்தேன்.”

பாவமாக இருந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. என்னைப் பத்தடி பின்னால் நின்று சோதிக்க வந்த மனுஷன். போன மாதம் அந்தப் பிள்ளை கத்தியது இவருக்கும்தான் கேட்டிருக்காது, கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். “எழுதுங்க ஐயா,” என்றேன். “மொதல்ல ஒங்க பேர எழுதுங்க. அதுக்குக் கீழ என் பேர எழுதுங்க. ஒரு ஆளு எழுதுனா தபால் பிரிவு. ரெண்டு ஆளு எழுதுனா அவுக யோசிக்கணும்.”

அவர் மேஜை இழுப்பறையை இழுக்கிற சத்தம் வந்தது, தாளைப் புரட்டுகிற சத்தம் வந்தது, பேனா எழுதவில்லை போல, உதறினார். “ஒங்க நம்பர் என்ன ஏட்டம்மா?” என்றார்.

என் காவலர் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, கடை முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னேன்.